கினோவா தானியமும் அதனை ருசிபெறச் சமைக்கும் முறையும்

தென் அமெரிக்காவின் மேற்குப் புறத்தில் வடக்குத் தெற்காய் நீண்டு கிடக்கும் ஆண்டீஸ் மலைத்தொடரின் நடுவே, பெரு, பொலிவியா ஆகிய இரு தேசங்களின் எல்லையில், டிட்டிகாகா என்னும் பெரிய ஏரி ஒன்று இருக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 12,500 அடி உயரத்திலுள்ள இவ்வேரியைச் சூழ்ந்த பீடபூமியில் மரங்கள் அரிது. இரவில் உறைபனி விழும். தெற்கே செல்லச் செல்ல மழை குன்றி மண் உவர்த்துப்போகும். மக்காச்சோளமும் செவ்வையாய் விளையாத இந்நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்களைக் காப்பாற்றி வந்த பயிர்களுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று உருளைக்கிழங்கு, மற்றொன்று கினோவா.

உருளைக்கிழங்கு சில நூற்றாண்டுகளுக்குள் உலகமெங்கும் பரவிவிட்டது. நமது நீலகிரியிலும் அது ஊன்றிக்கொண்டது. கினோவாவோ அண்மைக் காலம் வரையில் பிறந்த மலையை விட்டு அதிகமாய் வெளிவரவில்லை. கூஸ்கோ நகரில் ஒரு இன்கா அரசகுமாரிக்கும் ஸ்பானியப் படைத்தலைவர் ஒருவருக்கும் பிறந்த கார்ஸிலாஸோ என்பவர், 1609-ஆம் ஆண்டு வெளியான தமது இன்கா சரித்திர நூலில், ஸ்பெயினில் விதைப்பதற்காக இவ்விதையைத் தாம் பெருவிலிருந்து வருவித்ததாகவும், பன்முறை வந்தும் அது முளைக்கும் சக்தியற்றே வந்து சேர்ந்ததாகவும் எழுதியிருக்கிறார். விதையின் உயிர் கடற்பிரயாணத்தின் ஈரத்தைத் தாங்கவில்லை போலும். பின்னர் நெடுங்காலம் எவரும் இதை நாடியதாகத் தெரியவில்லை. 1993-ல் அமெரிக்காவின் நாஸா ஸ்தாபனத்தார், வானவெளியில் நீண்டநாள் தங்குவோருக்கு ஏற்ற பயிர்களுள் இதனையும் ஒன்றாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். பொலிவியா தேசத்தின் பிரேரணையை ஏற்று ஐக்கிய நாடுகள் சபையார் 2013-ஆம் ஆண்டைச் சர்வதேச கினோவா ஆண்டாகக் கொண்டாடியபின், உலகின் பெரிய நகரங்களிலெல்லாம் இத்தானியம் கடைக்கு வந்தது.

நமது நகரங்களிலும் இப்பொழுது இது கிடைக்கிறது. விலை அரிசியின் விலையைப்போல் பன்மடங்கு. உடல் நலம் கருதி ஒருவர் சொல்ல, மற்றொருவர் வாங்கி வந்து, அரிசியைப்போல் ஒருமுறை களைந்து உலையிலிட்டுச் சமைப்பர். ஒரு கவளம் வாயிலிட்டதும் நாக்கில் சவர்க்காரம் பட்டாற்போன்ற கசப்புத் தோன்றும். அன்றே அந்தப் பொட்டலம் அலமாரியின் கடைசித் தட்டுக்குப் போய்விடும். இதை எழுதுபவரின் வீட்டிலும் முதன்முறை அவ்வாறே நேர்ந்தது. சமைத்த பாத்திரத்தை யாரும் இரண்டாம் முறை திறந்து பார்க்கவில்லை. தானியத்தின்மீது பழி சொல்வதற்கில்லை. அதைச் சமைக்கும் முறை அதன் கூடவே வந்து சேரவில்லை, அதுவே குறை.

பயிரின் இயல்பு

கினோவா உண்மையில் புல் இனத்துத் தானியமன்று. கம்பு, சோளம், வரகு முதலியவை புல் ஜாதியைச் சேர்ந்தவை. இதுவோ கீரை ஜாதி. தாவர சாஸ்திரிகள் இதற்கிட்ட கீனோபோடியம் என்னும் பெயருக்கு வாத்தின் பாதம் என்று பொருள். இலையின் வடிவம் பற்றி வந்த பெயர். நம் நாட்டில் சக்கரவர்த்திக் கீரை எனப்படுவது இதற்கு நெருங்கிய உறவு. தண்டுக்கீரையும் முளைக்கீரையும் சற்று எட்டிய உறவு. ஆதலின் ஆண்டீஸ் மலைவாசிகள் இதன் இளந்தழையைப் பறித்துக் கீரையாகவும் உண்கின்றனர்.

செடி மூன்று முதல் ஆறு அடி உயரம் வளரும். உச்சியில் கதிர்போன்ற பூங்கொத்து விடும். முற்றுங்கால் வயல் முழுவதும் செம்மை, மஞ்சள், ஊதா எனப் பல நிறங் காட்டும். விதை கேழ்வரகினும் சற்றுப் பெரிது, தட்டையானது. பொலிவியாவின் தென்பகுதியில், ஊயுனி என்னும் மாபெரும் உப்பு வெளியைச் சுற்றி, ஆண்டுக்கு எட்டு அல்லது பத்து அங்குல மழையே பெய்யும் மணற்பாங்கான நிலத்தில் ராஜ கினோவா என்னும் பெருமணி வகை விளைகிறது. வேறு பயிர் எதுவும் அவ்விடத்தில் கணிசமாகப் பலன் தருவதில்லை.

இவ்விதையின் அமைப்பில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. அரிசியிலும் கோதுமையிலும் முளைக்கரு ஒரு மூலையில் சிறு புள்ளியாய் ஒட்டியிருக்கும். தீட்டும்பொழுது அது தவிட்டோடு போய்விடும். கினோவாவிலோ முளைக்கரு வளையம்போல் விதையைச் சுற்றிப் படர்ந்திருக்கிறது; விதையின் எடையில் ஏறக்குறைய 100-க்கு 30 பங்கு அதுவேயாம். புரதமும் கொழுப்பும் முளைக்கருவிலேயே மிகுதியாய்த் தங்குவதால், 100 கிராம் கினோவாவில் சுமார் 14 கிராம் புரதமும் 6 கிராம் கொழுப்பும் 7 கிராம் நாரும் உள்ளன. தீட்டிய அரிசியில் புரதம் இதில் பாதியளவே. அதனினும் முக்கியமானது, அரிசியிலும் கோதுமையிலும் குறைவாயுள்ள லைசின் என்னும் புரதக்கூறு இதில் போதிய அளவு இருப்பதாகும். நாம் அரிசியுடன் பருப்பைச் சேர்த்து உண்டு எக்குறையை நிவர்த்தி செய்துகொள்கிறோமோ, அக்குறை இத்தானியத்தில் இயல்பாகவே இல்லை.

இங்கே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நலம். இதைக் கொண்டு கேழ்வரகைத் தள்ளிவிடவேண்டுமென்று யாரும் எண்ணவேண்டாம். 100 கிராம் கினோவாவிலுள்ள சுண்ணாம்புச் சத்து சுமார் 47 மில்லிகிராம். கேழ்வரகில் அதைப்போல் ஏழு மடங்கு உள்ளது. விலையையும் கூட்டிப் பார்த்தால் எது நமக்கு உகந்ததென்பது விளங்கும். கினோவாவை வாங்க வசதியுள்ளவர், வாங்கியதை வீணாக்காமல் உண்ணவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கசப்பின் காரணம்

விதையின் மேற்றோலில் ஸபோனின் என்னும் பொருள் இருக்கிறது. நம் வீடுகளில் எண்ணெய் போக்கவும் பட்டுத் துணி வெளுக்கவும் பயன்படுத்திய பூந்திக்கொட்டையில் நுரை எழுப்புவதும் இவ்வினத்துப் பொருளே. ஜலத்தில் கலக்கினால் நுரைக்கும். நாக்கில் பட்டால் கசக்கும். விதையைச் சிறு கண்ணாடிக் குழாயில் ஜலத்துடன் இட்டுக் குலுக்கி, எழும் நுரையின் உயரத்தை அளந்தே இது கசப்பு வகை, இது இனிப்பு வகை என்று ஆராய்ச்சிச் சாலைகளில் பிரிக்கின்றனர்.

கசப்பு வகையை ஏன் பயிரிடவேண்டும், இனிப்பு வகையையே விதைத்தாலென்ன என்று கேட்கலாம். பறவைகளே அதற்கு விடை. கசப்பு வகையைப் பறவைகள் அதிகம் அண்டுவதில்லை. இனிப்பு வகை முற்றினவுடன் கூட்டமாய் வந்து இறங்கிவிடும். பரந்த வெளியில் சிதறிக் கிடக்கும் சிறு வயல்களுக்கு நாள்தோறும் காவல் இருக்க இயலாத குடியானவன், கசப்பையே காவலாக வைத்துக்கொண்டான். வயலில் அவன் உழைப்பைக் குறைத்த அக்கசப்பு, வீட்டில் அவன் மனைவியின் உழைப்பைப் பெருக்கியது.

பொலிவியாவின் தென்பகுதியில் இக்கசப்பைப் போக்கும் பழைய முறை பின்வருமாறு. விதையை முதலில் வெறுஞ்சட்டியில் இட்டுச் சூடேற்றுவர். தோல் விரிந்து கொடுத்ததும், கல்லில் குடைந்த தொட்டியில் கொட்டி, ஒருவகை வெள்ளை மண்ணைக் கலந்து, அதன்மேல் நின்று இரு கால்களாலும் திருகித் திருகி மிதிப்பர். சூடு ஆறுமுன் மிதித்தாலன்றித் தோல் கழலாது. பின்பு காற்றில் தூற்றித் தூளைப் போக்கி, பல முறை ஜலம் மாற்றிக் கழுவி, வெயிலில் உலர்த்துவர். ஜலம் அரிதான இடத்தில் இவ்வளவும் செய்யவேண்டும். ஒரு சிறு குடும்பத்துக்குச் சில நாட்களுக்கு வேண்டிய தானியத்தைச் சுத்தி செய்வதற்குள் ஒரு ஸ்திரீக்கு அரைநாள் கழிந்துவிடும். கழுவிய ஜலத்தை வீணாக்காமல் துணி வெளுக்கவும் தலை முழுகவும் வைத்துக்கொள்வர்.

இக்காலத்தில் தோலை உராய்ந்து நீக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஏற்றுமதியாகும் தானியம் பெரும்பாலும் இயந்திரத்தில் உராய்ந்து, கழுவி, உலர்த்தப்பட்டதே. 2017-ல் ஸவூதி அரேபியாவிலுள்ள அப்துல்லா மன்னர் பல்கலைக்கழகத்தார் தலைமையில் பல தேசத்து ஆராய்ச்சியாளர் சேர்ந்து கினோவாவின் மரபணு வரிசையை வெளியிட்டதுடன், விதையில் ஸபோனின் உண்டாவதை ஆளும் மரபணு ஒன்றையும் சுட்டிக் காட்டினர். இதைக்கொண்டு கசப்பில்லாத வகைகளை விரைவில் தேர்ந்தெடுக்கலாம். பறவைகளுக்கு என்ன செய்வது என்பது பழையபடி குடியானவன் தலையில்தான் விழும்.

விளைந்த நாட்டில் நேர்ந்தது

1532-ல் ஸ்பானியர் வந்து இன்கா ராஜ்யத்தைக் கைப்பற்றியபின், கோதுமையும் வாற்கோதுமையும் மலைமேல் ஏறின. ஆள்வோரின் உணவு உயர்ந்ததென்றும், கினோவா மலைக்குடிகளின் உணவென்றும் ஒரு எண்ணம் ஊரெங்கும் பரவிற்று. இருபதாம் நூற்றாண்டில் அரிசியும் சேமியா வகைகளும் மலிவாய் வந்து சேர்ந்தன. பத்து நிமிஷத்தில் வெந்துபோகும் சேமியா ஒருபுறம். அரைநாள் மிதித்துக் கழுவவேண்டிய கினோவா மறுபுறம். பட்டணத்துப் பள்ளிக்கூடம் சென்று வந்த பிள்ளைகள் பாட்டியின் கஞ்சியை ஒதுக்கினர். அறியாமையினால் மக்கள் நல்ல உணவைக் கைவிடுகின்றனர் என்று பிரசங்கம் செய்வோர் பலர். உரலும் உலக்கையும் யார் கையில் இருந்தன என்று அவர்கள் கேட்பதில்லை. நம் நாட்டில் வரகும் சாமையும் வீட்டுச் சமையலிலிருந்து விலகியதற்கும், குத்திப் புடைக்கும் வேலையே பெரியதொரு காரணம் என்பதை வயதான ஸ்திரீகள் யாரைக் கேட்டாலும் சொல்வர்.

2013, 2014 ஆண்டுகளில் கினோவாவின் விலை உச்சத்திற்குச் சென்றது. விளைத்தவர்கள் தாமே அதை உண்ண வழியின்றித் தவிக்கின்றனர் என்று அப்பொழுது பத்திரிகைகள் எழுதின. பெரு தேசத்துக் குடும்பங்களின் செலவுக் கணக்குகளைப் பின்னர்ப் பரிசீலித்த பொருளாதார நிபுணர்கள், விலையேற்றத்தால் அவர்கள் வாழ்க்கை கெட்டதாகக் காணவில்லை. சற்று உயர்ந்ததாகவே கண்டனர். பணம் வந்ததும் சிலர் தானியத்தை விற்று வேறு உணவு வாங்கினர் என்பதும் மெய்யே. 2014-ல் பெரு தேசம், கடற்கரைச் சமவெளியிலும் இதைப் பயிரிட்டு, உற்பத்தியில் பொலிவியாவை முந்தியது. விளைச்சல் பெருகவே 2015-ல் விலை சரியத் தொடங்கிற்று. பொலிவியாவின் தெற்கே, விலையை நம்பி மேய்ச்சல் நிலத்தை உழுது, லாமா மந்தைகளைக் குறைத்து, அதனால் எருவும் குறைந்து, காற்றில் மண் அரிக்கப்பட்ட நிலங்கள் எஞ்சின.

சந்தை கைவிட்டபொழுது தானியத்தைத் தாங்கியது உள்ளூர் அடுக்களையே. பொலிவியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அளிக்கும் காலை உணவிலும், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் கொடுக்கும் உணவுப் பொருள்களிலும் கினோவா இடம் பெற்றது. ஆனால் கொடுப்பது ஒன்று, உண்பது ஒன்று. பிள்ளைகளின் வாய்க்குப் பிடிக்கவேண்டுமே! சமையல் முறையைப் பற்றிய பேச்சு இங்கேதான் முக்கியமாகிறது.

கழுவுதலும் வறுத்தலும்

பொட்டலத்தில் கழுவியது என்று அச்சிட்டிருந்தாலும் வீட்டில் மறுபடி கழுவுதல் நலம். விதை மிகச் சிறியதாகையால் சாதாரண வடிதட்டில் நில்லாது. மெல்லிய துணியிலாவது நெருங்கிய கண்ணுள்ள சல்லடையிலாவது இட்டுக் கழுவவேண்டும். அகன்ற பாத்திரத்தில் ஜலம் விட்டு, விதையை இரு உள்ளங்கைகளுக்கிடையே நன்றாய்த் தேய்த்து, நுரைத்த ஜலத்தை உடனே இறுத்துவிடுக. நுரை ஜலத்திலேயே ஊறவிடுவதில் பயனில்லை. மூன்று முதல் ஐந்து முறை இவ்வாறு செய்தால் ஜலம் தெளியும். தெளிந்ததா என்பதைக் கண் மட்டும் கொண்டு தீர்மானிக்கவேண்டாம். நாலு விதையை வாயிலிட்டு மென்று பார்க்கவேண்டும். கசப்பு இருப்பின் மற்றுமொருமுறை. இக்கழுநீரை மீன் வளர்க்கும் தொட்டியிலோ குட்டையிலோ கொட்டலாகாது. ஸபோனின் மீன்களுக்கு நஞ்சு.

கழுவிய விதையை நன்றாய் வடித்து, எண்ணெயிடாத வாணலியில், மிதமான தீயில் ஐந்து நிமிஷம் கிளறி வறுக்கவும். முதலில் ஈரம் போகும். பிறகு விதை ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரும். கடைசியில் சிறு சடசடப்புடன், வறுத்த வேர்க்கடலையை நினைவூட்டும் வாசனை எழும். அச்சமயம் இறக்கிவிடவேண்டும். பச்சையாய் வேகவைத்தால் இத்தானியத்தில் ஒரு மண் வாசனை நிற்கும். புதியவர் முகத்தைச் சுளிப்பது கசப்புக்கு அடுத்தபடி இதற்கே. வறுத்தபின் அது மறைந்துவிடும். நம்மவர் பாயசத்துக்குப் பயற்றம்பருப்பை வறுப்பதும் உப்புமாவுக்கு ரவையை வறுப்பதும் இக்காரணம் பற்றியே.

வேகவைக்கும் பக்குவம்

ஒரு ஆழாக்கு கினோவாவுக்கு ஒன்றேமுக்கால் ஆழாக்கு ஜலம் போதும். மிருதுவாய் வேண்டுவோர் இரண்டு ஆழாக்கு விடலாம். ஜலம் கொதித்தபின் உப்பிட்டு, வறுத்த விதையைப் போட்டு, மறுகொதி வந்ததும் தீயைத் தணித்து மூடிவிடவும். பதினைந்து நிமிஷத்தில் ஜலம் சுண்டிப்போகும். உடனே கிளறலாகாது. அடுப்பினின்று இறக்கி மூடியபடியே பத்து நிமிஷம் வைத்திருந்து, பின்னர்க் கரண்டிக் காம்பால் மெல்லக் கிளறிவிட்டால் பொலபொலவென்று உதிரும். ஒரு பங்கு விதை ஏறக்குறைய மூன்று பங்காய்ப் பெருகும்.

வெந்ததை அறிய நல்ல அடையாளம் ஒன்று உண்டு. விதையின் நடுப்பகுதி கண்ணாடிபோல் தெளிந்து, அதைச் சுற்றியிருந்த முளைக்கரு வெண்ணிற நூல்வளையமாய்ப் பிரிந்து நிற்கும். முதன்முதல் பார்ப்போர் சிலர் இதைப் புழு என்று மயங்கிக் கொட்டிவிடுவதும் உண்டு. அவ்வளையமே தானியத்தின் உயர்ந்த பாகம் என்பதை மேலே சொன்னோம். செந்நிற வகையும் கருநிற வகையும் வேகச் சற்று அதிக நேரமாகும்; வெந்தபின்னும் குழையாமல் மெல்லுவதற்கு இடம் கொடுக்கும்.

டிட்டிகாகாக் கரையில் இவ்வளவு விரைவில் வேகாது. அவ்வுயரத்தில் ஜலம் 100 டிகிரி வரை சூடேறுவதில்லை. ஏறத்தாழ 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெரிய பயறு வகைகள் மணிக்கணக்கில் வேகும். விறகுக்கு மரமுமில்லை, புதர்க்குச்சியும் உலர்ந்த லாமாச் சாணமுமே எரிபொருள். சிறுமணித் தானியமொன்று அங்கே தலைமை பெற்றதற்கு, அது பனியைத் தாங்குவது மட்டுமன்றி, குறைந்த விறகில் வெந்துவிடுவதும் ஒரு காரணம்.

ருசி கூட்டும் வகை

வெறும் ஜலத்தில் வெந்த கினோவா சத்துள்ளதே. ஆயினும் அதை நாள்தோறும் மனமுவந்து உண்பவர் ஒருவரையும் நாம் கண்டதில்லை. மலைநாட்டாரும் அப்படி உண்பதில்லை. உடலுக்கு நல்லதென்பதற்காகச் சுவையற்றதைச் சகித்துக்கொள்ளவேண்டும் என்ற கொள்கை நோயாளிக்கு ஒரு வாரம் ஒத்துவரும், குடும்பத்துக்கு ஒத்துவராது.

முதலாவது உப்பு. உப்பு தன் சுவையைத் தருவதோடு, எஞ்சி நிற்கும் கசப்பை நாக்கு உணரவொட்டாமல் தடுக்கிறது. உப்பை வேகும் ஜலத்திலேயே சேர்த்தால் விதையின் உள்ளே ஏறும், வெந்தபின் தூவினால் மேலே நிற்கும், அளவும் அதிகமாகும். அடுத்தது கொழுப்பு. வெங்காயம், பூண்டு, மிளகாய் முதலியவற்றின் வாசனை பெரிதும் எண்ணெயில் கரைந்து பரவுவது. ஒரு கரண்டி எண்ணெயில் அவற்றைப் பொன்னிறமாய் வதக்கிச் சேர்த்தால் பாத்திரம் முழுவதும் மணக்கும். எண்ணெயே கூடாதென்று பத்தியம் பிடிப்போர், தானியத்தின்மீது வெறுப்பு வந்தபின் காரணத்தைத் தேடுவர். இறக்கியபின் எலுமிச்சம்பழச் சாறு சில துளி. புளிப்பு உணவின் மந்தத்தைப் போக்குவதுடன், அதிலுள்ள ஸி ஜீவசத்து தானியத்தின் இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவுகிறது. கினோவாவில் இரும்பு 100 கிராமுக்கு நாலரை மில்லிகிராமளவு இருப்பினும், அதிலுள்ள பைடிக் அமிலம் அதைப் பற்றிக்கொண்டு விடாமலிருப்பதால், இத்துணை அவசியமாகிறது. கழுவிய விதையை ஓரிரவு நல்ல ஜலத்தில் ஊறவைத்து, மறுநாள் துணியில் கட்டி வைத்தால் விரைவில் முளைவிடும். முளைவிட்டதில் அவ்வமிலம் குறையும். சற்று இனிப்பும் ஏறும்.

மெல்லும்பொழுது பல்லுக்குச் சற்று வேலை கொடுக்கவேண்டும். முழுவதும் குழைந்த உணவை வளர்ந்தவர்கள் விரும்புவதில்லை. வறுத்த வேர்க்கடலை இதற்கு மிகப் பொருத்தம். இரண்டும் ஒரே தேசத்தார் என்றும் சொல்லலாம். வேர்க்கடலை தோன்றிய இடம் பொலிவியாவின் தென்பகுதியும் அதையடுத்த அர்ஜென்டினாவுமே என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. மிளகாயும் அக்கண்டத்திலிருந்தே நமக்கு வந்தது. வேர்க்கடலையும் மிளகாயும் விளைக்கும் நம் குடியானவர்கள், கினோவாவின் பழைய அயலார்களைத் தம் வயலிலேயே வைத்திருக்கின்றனர்.

சர்க்கரையைப் பற்றி ஒரு சொல். கடைகளில் விற்கும் கினோவாப் பண்டங்கள் பலவற்றில் முதல் இடம் சர்க்கரைக்கே. தானியம் பெயருக்குத் தூவப்பட்டிருக்கும். ருசி கூட்டுவது வேறு, தானியத்தை மறைப்பது வேறு.

மலைநாட்டுப் பதார்த்தங்கள் சில

பெருவின் பூனோப் பகுதியிலும் பொலிவியாவிலும் பெஸ்கே என்னும் ஒரு களி செய்கின்றனர். கினோவாவை நிறைய ஜலத்தில் மலர வேகவைத்து, மரக்கரண்டியால் அடித்துக் குழைத்து, பாலும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்ப்பர். நம் வெண்பொங்கலின் பதத்தில் இருக்கும். குளிர் மிகுந்த காலையில் இதை உண்டபின் நண்பகல் வரை பசி தோன்றாது என்பர். பாலாடைக்கட்டி உப்புச் சுவையும் கொழுப்பும் ஒருங்கே தருவதால், முற்கூறிய இரண்டு காரியங்களும் அதனால் நிறைவேறிவிடுகின்றன.

பெருவில் அட்டமலாடா எனப்படுவது சற்று உறைப்பானது. வெங்காயம், பூண்டு, அவ்வூர் மஞ்சள் மிளகாய் விழுது இவற்றை எண்ணெயில் நன்றாய் வதக்கி, வெந்த கினோவாவை அதிலிட்டு, பாலும் பாலாடைக்கட்டியும் கூட்டிக் கெட்டியாக்குவர். மஞ்சள் மிளகாய் கிடைக்காத இடத்தில், பழுத்த மிளகாயை விதை நீக்கி அரைத்துச் சேர்த்தால் ஏறக்குறைய அச்சுவை வரும். மேலே ஹுவகதாய் என்னும் தழையை அரைத்துத் தெளிப்பதும் உண்டு. அது நம் தோட்டங்களிலுள்ள துலுக்கச் செவ்வந்தியின் இனம், வாசனை கூர்மையானது.

பிரயாணத்துக்கு உகந்தது கிஸ்பிஞா. கினோவா மாவைச் சிறிது சுண்ணாம்பும் உப்பும் கொழுப்பும் சேர்த்துப் பிசைந்து, கையால் அழுத்தி உருட்டி, ஆவியில் வேகவைப்பது. நம் பிடிகொழுக்கட்டையை ஒத்தது. உலர்ந்த குளிர்காற்றில் பல நாள் கெடாமலிருக்கும். மந்தை மேய்க்கச் செல்வோர் மடியில் கட்டிச் செல்வர். விதையை வறுத்து அரைத்த பீட்டோ என்னும் மாவும் இத்தன்மையதே. அதை ஜலத்திலோ பாலிலோ கலந்து குடிக்கலாம். லிமா நகரத் தெருக்களில் விடியற்காலையில் தள்ளுவண்டிகளில் ஒரு பானம் விற்கின்றனர்: கினோவாவை ஆப்பிள் துண்டு, பட்டை, கிராம்புடன் நீர்க்கக் காய்ச்சியது. வேலைக்குச் செல்வோர் நின்றபடியே வாங்கிக் குடித்துப் போகின்றனர். இதில் பழத்தின் இனிப்பே பெரும்பாலும் போதுமானது. பிள்ளைகளுக்கு முதன்முதல் கொடுக்க, நாம் அறிந்த வரையில் இதைவிட எளியது வேறில்லை.

பிள்ளைகள் முதல் முறை துப்பினால் மனம் தளரவேண்டாம். புதிய உணவொன்றை, வற்புறுத்தாமல், சிறிது சிறிதாய் எட்டுப் பத்து முறை முன் வைத்தால்தான் குழந்தைகளின் நாக்கு அதை ஏற்கத் தொடங்கும் என்று ஆகார ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். முதலில் பழகிய சோற்றிலோ கஞ்சியிலோ நாலில் ஒரு பங்கு கலந்து கொடுத்து, நாளடைவில் பங்கை உயர்த்துக. தனியே வேகவைத்துப் பின் கலக்கவேண்டும். அரிசியுடன் ஒரே உலையில் இட்டால் ஒன்று குழைந்து மற்றொன்று விறைத்து நிற்கும்.

மாவாக அரைத்து வைக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அரைத்தபின் விதையிலுள்ள கொழுப்புக் காற்றில் பட்டு, வெயில் காலத்தில் நாட்செல்லச் சிக்கு வாசனை அடையும்; அக்கசப்பைக் கழுவிப் போக்க வழியில்லை. ஆகையால் விதையை முழுதாகவே காற்றுப் புகாத உலர்ந்த கலத்தில் வைத்து, இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கழுவி, நிழலில் நன்றாய் உலர்த்தி, வறுத்து, ஆறியபின் அரைத்துக்கொள்க.